இரும்புக்காரியின் இரண்டு மச்சங்கள்

என் நாத்தனார் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி முடித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் பத்து நிமிஷம் விளக்கம் சொல்ல வேண்டும், எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவள் வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் இரும்புச் சட்டை செய்கிறாள். மார்புக் கவசம், முழங்கால் மூடி, கையுறை, தலைக்கவசம், அதில் விழுந்த கீறல், கீறலில் ஏறிய துரு, எல்லாம் அவள் கைவேலை. எல்லாம் திரையில்தான், தொட்டுப் பார்க்க ஒன்றும் கிடைக்காது. மூன்று வருஷமாக ஒரே ஒரு பொம்பளைக்குத்தான் இத்தனை உபசாரமும். விளையாடுகிறவர்கள் அந்தக் கதாநாயகிக்கு வைத்திருக்கும் பெயர் இரும்புக்காரி. உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்புதான், முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை.

நாத்தனாருக்கு வீட்டில் பெயர் வாலு. இருபத்தெட்டு வயசாகியும் அந்தப் பெயர் போகவில்லை. போகிற மாதிரி அவளும் நடந்துகொள்ளவில்லை. ஒரு செருப்பு வாசலில் கிடந்தால் இன்னொன்று சோபாவுக்கு அடியில் கிடக்கும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலை என்று உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். ஒருநாள் எங்கள் சமையலறைக் கதவை ஒரு மணி நேரம் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். இரும்புக்காரிக்கு முழங்கை எப்படி மடங்க வேண்டும் என்று கீலைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாளாம். என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். "கீலுக்கு எண்ணெயாவது போட்டுட்டு விளையாடு தாயே" என்று கும்பிட்டார்.

நான் பஸ் ஸ்டாண்டில், தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுண்டரில் இருக்கிறேன். என் முகத்தில் எந்நேரமும் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். சத்தியமாக நான் சும்மாதான் உட்கார்ந்திருப்பேன். குடையைத் தொலைத்தவர் என்னைப் பார்த்ததும், தானே அதைத் திருடின மாதிரிக் குழறுவார். போட்டோ எடுக்கிறார்கள் என்றால் நான் அடுத்த அறையில் இருப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு, அடையாள அட்டையில் இருப்பதைத் தவிர எனக்குப் படம் என்று ஒன்று கிடையாது.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வாலு வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி, அவளுக்குத் தலைக்கவசத்தைக் கழட்டப் போறாங்க."

"எவளுக்கு?"

"இரும்புக்காரிக்கு. கடைசிக் காட்சியில கழட்டிட்டு முகத்தைக் காட்டறாளாம். சனிக்கிழமை ட்ரெய்லர் வரும்னு உடனே சார் வெளியில சொல்லிட்டார்."

உடனே சார் என்பது அவளுடைய முதலாளி. எதைச் சொன்னாலும் "உடனே வேணும்" என்று முடிப்பதால் அந்தப் பெயர்.

"காட்டட்டுமே. அதுக்கு ஏன் நீ பேயறைஞ்ச மாதிரி நிக்கற?"

"உள்ள முகம் இல்ல அண்ணி. தலையே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத எதையும் அவர்கள் செய்ய மாட்டார்களாம். செய்தால் கம்ப்யூட்டருக்குப் பாரம், விளையாட்டு திக்கித் திணறும். கவசம்தான் கழலவே போவதில்லையே என்று, கழுத்துக்கு மேலே வெறும் காற்றை வைத்து மூடிவிட்டார்கள்.

"அடிப்பாவி! மூணு வருஷமா தலை இல்லாமலா அத்தனை பேரை வெட்டிச் சாய்ச்சா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. முகம் செய்கிற ஆள் இரண்டு வாரம் லீவில் இருந்தார். வாலு தானே செய்வதாகக் கையைத் தூக்கிவிட்டு வந்திருக்கிறாள். முகம் செய்ய வேண்டும் என்பது அவளுக்கு வெகுநாள் ஆசை. கேட்கும்போதெல்லாம் "முழங்கால் மூடி நல்லா வருது, அதையே பாரு" என்று தட்டிக் கழித்திருக்கிறார்கள். இப்போது வாய்ப்பு வந்தது, ஐந்தே நாளோடு வந்தது.

செவ்வாய் முதல் வெள்ளி வரை அவள் வீட்டில் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை முகம் முடிந்ததும் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். "இந்த முகம் என் கற்பனை. உயிரோடு இருக்கும் யாருடைய முகமும் அல்ல" என்று எழுதியிருந்த தாள். அந்தத் தாளுக்கு ஒரு கதை உண்டு. முன்பு அங்கே வேலை பார்த்த ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரை அப்படியே ஒரு வில்லனாகச் செய்து வைக்க, பக்கத்து வீட்டுக்காரர் வக்கீலோடு வந்துவிட்டார். அந்த விளையாட்டு ஆறு மாசம் முடங்கியது, செய்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். வாலு கூசாமல் கையெழுத்துப் போட்டாள். பொய் சொல்கிற நினைப்பு அவளுக்கு இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரே போனில் தலையை முட்டிக்கொண்டு ட்ரெய்லர் பார்த்தோம். எரிந்து முடிந்த ஒரு வீட்டு வாசலில் சின்னப் பெண் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரும்புக்காரி அதன் எதிரே மண்டியிட்டுக் கவசத்தைக் கழற்றுகிறாள். வியர்வையில் ஒட்டின முடி, கண்ணைச் சுற்றிக் கருப்பு, மூக்கின் மேலும் கன்னத்திலும் அழுந்தின தடம். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர் கைகூடத் தட்டினார்.

கீழே வந்த கமெண்டுகளைப் படித்ததும்தான் வாலு "ஐயோ" என்று தலையில் கைவைத்தாள். இரும்புக்காரிக்கு உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். சரி. அந்தப் பக்கமும் அதே இடத்தில், அதே அளவில் இன்னொரு மச்சம்!

"பாதி முகம்தான் அண்ணி செய்வோம். மறுபாதியைக் கண்ணாடி மாதிரி கம்ப்யூட்டரே போட்டுக்கும். கடைசியில அதை நிறுத்திட்டுத்தான் மச்சம் வைக்கணும். நான் நிறுத்தாமலேயே வெச்சுட்டேன்."

"அரை வேலை செஞ்சா இப்படித்தான்" என்று வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமா என்று ஒருவர். மச்சத்தை ஜெராக்ஸ் எடுத்த கடை எது என்று இன்னொருவர். பன்னிரண்டு மணிக்கு உடனே சார் போன் செய்தார். அவர் கத்தியது எனக்கே கேட்டது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் திருத்தின முகம் வர வேண்டும். அதிலும் ஏதாவது குளறுபடி என்றால் அவள் முகத்தையே இனி ஆபீசில் பார்க்க விரும்பவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துத் திருத்த உட்கார்ந்தாள். நான் எதிரே துணி மடித்துக்கொண்டிருந்தேன். வலது கன்னத்து மச்சத்தை எடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம், விடவில்லை. இரண்டு பக்கமும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் பொம்மை மாதிரி இருக்கும் என்று, இடது புருவத்தைக் கொஞ்சம் தூக்கினாள். ஒரு இமையைச் சற்றுக் கனமாக்கினாள். உதட்டின் வலது ஓரத்தை நூலளவு கீழே இழுத்தாள். யோசித்துச் செய்கிற மாதிரியே இல்லை, கை தன்பாட்டுக்கு ஓடியது.

வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தார். திரையைப் பார்த்தார்.

"என்ன, உங்க அண்ணியை வரைஞ்சிருக்கியா? பரவாயில்லையே, அப்படியே இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நான் கையிலிருந்த துண்டைக் கீழே போட்டுவிட்டுச் சுற்றி வந்து பார்த்தேன். நான்தான். நேற்று இரண்டு பக்கமும் ஒரே அச்சாக இருந்ததால் தெரியவில்லை. அடையாள அட்டையில் இருக்கிற நான் இல்லை, கல்யாணமான புதிதில் கண்ணாடியில் பார்த்த நான். அதே தூக்கின புருவம், அதே கடுகடுப்பு, இடது கன்னத்தில் அதே மச்சம்.

எனக்கு ஏறிய கோபம் இருக்கிறதே! "யாரைக் கேட்டுடி என் மூஞ்சியை எடுத்த? நான் போட்டோவுக்கே நிக்கமாட்டேன்னு உனக்குத் தெரியாது? ஊர் உலகம் பூரா பார்த்துச் சிரிக்கவா?"

அவள் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். நடிப்பு இல்லை, அவள் நடித்தால் எனக்குத் தெரியும். "சத்தியமா தெரியாது அண்ணி. நானா கற்பனை பண்ணதுன்னுதான் நினைச்சேன். கண்ணை மூடினேன், இந்த முகம் வந்துச்சு." பிறகு மெல்ல, "ஐயோ, கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பக்கத்து வீட்டு வில்லன் கதைதான் இதுவும்.

கோபம் மட்டும் இறங்கவில்லை. திரையில் இன்னும் ஏதோ ஒன்று என்னை உறுத்தியது. மூக்கின் மேல் இருந்த அந்தத் தடம்.

"உன் தலைக்கவசம் மூக்குல எங்கடி இடிக்குது?"

அவள் கவசத்தைத் திரையில் திறந்து உட்புறத்தைத் திருப்பிக் காட்டினாள். நெற்றியில் ஒரு பட்டை, தாடையில் ஒரு பட்டை. மூக்குக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி.

"இடிக்காது."

"அப்புறம் எதுக்கு மூக்குல தடம் போட்ட? கவசம் செஞ்சவளே நீதானே?"

"தெரியல அண்ணி. அங்கதான் இருக்கணும்னு தோணிச்சு."

எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பதினேழு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கல்யாணமான நான்காம் நாள். மாமனார் மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வாலுவுக்குப் பதினோரு வயசு, ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சை என்று அண்ணன் கல்யாணத்துக்குக்கூட வரவில்லை. அவளுக்குத் தொற்றுக் காய்ச்சல் என்று ஹாஸ்டலிலிருந்து நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெண்கள் வார்டு, ஆண்களுக்கு அனுமதியில்லை. துணைக்கு ஒரே ஒரு ஆள், உள்ளே போனால் குணமாகும்வரை வெளியே வரக்கூடாது. நான் போனேன். தலையில் தொப்பி, உடம்பில் அங்கி, மூக்கின் மேல் கம்பி வைத்து இறுக்கின மாஸ்க். எட்டு நாள் அவளுக்குக் கஞ்சி புகட்டி, உடம்பு துடைத்து, கதை சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் என் கண்ணும் குரலும்தான். ஒன்பதாம் நாள் வார்டு வாசலில் நர்ஸ் "இனிமே கழட்டிடலாம்" என்றாள். நான் மாஸ்க்கைக் கழற்றினேன், மூக்கின் மேல் கம்பி அழுந்தின தடம். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது, பார்த்த நிமிஷமே ஓவென்று அழ ஆரம்பித்தது.

சுருக்கென்று தைத்தது எனக்கு. எட்டு நாள் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டவள் மூஞ்சியைக் கண்டு ஒரு குழந்தை அப்படி அழுமென்றால் அது என்ன மூஞ்சி? சட்டென்று திரும்பிப் பையை எடுக்கக் குனிந்துவிட்டேன். அவளை அவள் அண்ணன் தூக்கிக்கொண்டார். அன்றிலிருந்து அடையாள அட்டைக்குத் தவிர நான் எந்தக் கேமரா முன்னாலும் நின்றதில்லை. இதை யாரிடமும் சொன்னதும் இல்லை.

அன்றைக்கு அவளிடம் சொன்னேன். கோபத்தோடுதான் சொன்னேன். "அந்த மூஞ்சியைப் பார்த்துதானே அப்படி அழுத? இப்ப அதையே கொண்டுபோய் அந்தப் பொம்பளைக்கு வெச்சிருக்கியே" என்றேன்.

வாலு லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்களைப் பார்த்து பயந்து அழுதேன்னா நினைச்சீங்க? இத்தனை வருஷமாவா?"

"பின்ன?"

"அண்ணி, நான் செத்துருவேன்னு நினைச்சுட்டிருந்தேன். எல்லாரும் மூஞ்சியே இல்லாம வந்து வந்து போனாங்க. நீங்க கழட்டினதும்தான் வீட்டுக்குப் போறோம்னு எனக்குப் புரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. அதான் அழுதேன். உங்ககிட்ட வரணும்னு கையை நீட்டினேன், நீங்க பையை எடுக்கத் திரும்பிட்டீங்க."

பதினேழு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது, அதே மூச்சில் என்மேலேயே ஆத்திரமாகவும் வந்தது. நீட்டின கையைப் பார்க்காமல் அப்படி என்ன பை? அதில் இரண்டு துண்டும் ஒரு சோப்பு டப்பாவும்தான் இருந்தன.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை இழுத்தாள். "நான் மாத்திடறேன் அண்ணி. மூக்கைக் கொஞ்சம் அகலமாக்கி, புருவத்தை இறக்கிட்டா போதும். யாருக்கும் தெரியாது. வேலையும் போகாது."

மூக்கை அகலமாக்கினாள். திரையில் இருந்தவள் யாரோ ஒருத்தியாக ஆனாள். வாலு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள், அவளுக்கும் பிடிக்கவில்லை, சொல்லத் தைரியமில்லை.

"கையை எடு" என்றேன். "பழையபடி வை."

"அப்போ வேலை?"

"நாளைக்கு நானும் வர்றேன். நடந்தது நடந்தபடி சொல்லுவோம். அனுப்பினா அனுப்பட்டும், பார்த்துக்கலாம்."

தைரியமாகச் சொல்லிவிட்டேனே தவிர, திங்கட்கிழமை காலை அந்த ஆபீஸ் படி ஏறும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இரண்டாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். உள்ளே இருபது பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவரவர் திரையில் எதையோ வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோடி அறையில் உடனே சார். ஒல்லியான மனுஷர், நாற்காலியில் உட்காராமல் அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். சுவரில் பெரிய திரை. வாலு பேசாமல் முகத்தை அதில் போட்டாள். பிறகு என்னை அழைத்து அதன் பக்கத்தில் நிறுத்தினாள்.

அவர் நடப்பதை நிறுத்தினார்.

"நீங்க எப்போ வந்து முகத்தை ஸ்கேன் எடுக்கக் குடுத்தீங்க?"

"நான் எங்கயும் வரல. பஸ் ஸ்டாண்ட்ல ஊர்க் குடையையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டிருந்தேன்."

"இவங்க என் அண்ணி சார்" என்றாள் வாலு. "வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாது. நேத்துதான் தெரிஞ்சுது. யாரும் கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்."

"தெரியாம ஒருத்தர் முகத்தை எப்படிம்மா செய்ய முடியும்? கதை விடறியா?"

அவ்வளவுதான், எனக்குப் பயம் போய்விட்டது. "அந்த மூக்குத் தடத்தைப் பாருங்க" என்றேன். "உங்க தலைக்கவசம் மூக்குல படாது. படாதுன்னு செஞ்சவளுக்கே தெரியும். தெரிஞ்சே ஏன் போட்டா?" வார்டுக் கதையைச் சொன்னேன். எட்டு நாளையும் சொன்னேன், மாஸ்க்கையும் சொன்னேன். அழுகையை மட்டும் வாலு சொன்னாள்.

உடனே சார் கவசத்தைத் திறந்து உட்புறத்தைப் பார்த்தார். நெற்றிப்பட்டை, தாடைப்பட்டை, இரண்டு விரல் இடைவெளி. முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த மனுஷர் முதல்முறையாக நாற்காலியில் உட்கார்ந்ததாக வாலு பின்னால் சொன்னாள்.

"போன தடவை அந்த ஆள் மறைச்சதாலதான் அத்தனை ரகளை" என்றார் கடைசியில். "நீ கூட்டிட்டே வந்துட்ட. இவங்க சம்மதம் எழுதிக் குடுத்தா எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல. முகத்தை எடுன்னு சொல்ல எனக்கே மனசு வரல. இனிமே முகப் பக்கம் நீயே பாரு. மச்சம் வைக்கறப்போ மட்டும் என்னைக் கூப்பிடு."

போன உயிர் திரும்பி வந்தது எங்கள் இரண்டு பேருக்கும். சம்மதத் தாளும் வந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் அவர். "கவசத்தைக் கழட்டினதும் லேசா ஒரு சிரிப்பு வெச்சுக்கலாமா? கொஞ்சம் கோபமா தெரியுது."

பேனாவைக் கீழே வைத்தேன். "ஏன் சிரிக்கணும்? மூணு வருஷமா இரும்புக்குள்ள வெந்துட்டு வெளியில வர்றா. முதல்ல மூச்சு விடட்டும். அவ கோபமா இல்ல சார், சும்மாதான் இருக்கா. சிரிப்பு கிடையாதுன்னு தாள்ல எழுதுங்க, போடறேன்."

எழுதினார். போட்டேன்.

வெளியே வந்து இரண்டு படி இறங்கினோம். மூன்றாவது படியில் வாலு நின்றாள். மூன்று வருஷப் பாடு, நாலு நாள் பட்டினி, ஊர் சிரித்தது, எல்லாம் சேர்ந்து உடைத்துக்கொண்டு, இருபத்தெட்டு வயசுக் கழுதை நடுப்படியில் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே இரண்டு கையையும் நீட்டினாள்.

என் தோளில் கைப்பை, கையில் சம்மதத் தாளின் நகல், பஸ் ஸ்டாண்டில் அரை நாள் லீவு முடிய இருபது நிமிஷம். எல்லாவற்றையும் படியிலேயே போட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். சத்தம் கேட்டு மேலே ஏழெட்டுப் பேர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். முகத்தை மறைத்துக்கொள்ளத் தோன்றவில்லை, பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன்.